காற்சட்டை போட்ட பூவரசு

அழுக்கு மூட்டையை அவிழ்த்ததும் காத்தாயி ஒவ்வொரு துணியாக எடுத்து மோந்து பார்க்கிறாள். சலவைத்துறையில் மற்றவர்கள் துணியோரத்து மைக்குறியைப் பார்த்துத்தான் எது யாருடையது என்று பிரிப்பார்கள். அவளுக்கு மூக்கே போதும். சுருட்டு நெடி அடித்தால் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. விபூதியும் தேங்காயெண்ணெயும் கலந்து வந்தால் செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கி. மிளகாயும் மஞ்சளும் மீன்குழம்புமாக மூக்கில் ஏறினால் தலையைத் திருப்பிக்கொள்வாள். "வந்துட்டாருப்பா சூலியா தெருக்காரரு. துணியக் குடுங்கன்னா கொழம்புச் சட்டியக் குடுக்கறாரு."

அந்தச் சூலியா தெருக்காரர் யூசுப். கம்பின் ஒரு முனையில் சோறு, மறு முனையில் கறி என்று தோளில் சுமந்து நாசி கண்டார் விற்பவர். கம்பு அழுத்தாமல் இருக்க அவர் தோளில் மடித்துப் போடும் துண்டுகள்தான் காத்தாயிக்குப் பரம வைரி. சவுக்காரம் போட்டுக் கும்மி, வெள்ளாவி வைத்து, வெயிலில் காயப்போட்டாலும் மஞ்சள் கறை அசையாமல் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட துணிக்குக் கஞ்சி போட்டு, தேய்த்து, கறை உள்ளே போகும்படி மடித்து அனுப்புவாள். கறை வெளியே தெரிய ஒரு துணிகூட அவள் கையைவிட்டுப் போனதில்லை. "பாக்கறவுக கண்ணுக்கு வெள்ளதான் தெரியணும்" என்பாள்.

ஆயர் ஈத்தாம் போகும் டிராம் வண்டிப் பாதையை ஒட்டி ஆறு வளைகிற இடத்தில் இருக்கிறது இந்தச் சலவைத்துறை. ஆளுக்கொரு கல். கல் இருந்தால்தான் பிழைப்பு. வளைவில் இப்போது கடைசிக் கல் காத்தாயியுடையது. ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு அடுத்திருந்த கல், கரை மண்ணோடு சரிந்து ஆற்றுக்குள் போய்விட்டது. அந்தக் கல்லுக்காரர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போய்விட்டார். அடுத்தது தன் கல்தான் என்று காத்தாயிக்குச் சந்தேகமே இல்லை. உட்கார்ந்து அழுகிற ரகமும் அவள் இல்லை. பூவரசங் கிளைகளைப் போத்துப் போத்தாக வெட்டிவந்து, கல்லைச் சுற்றிக் கரை நெடுக நட்டுவிட்டாள். வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு.

போத்துகள் துளிர்த்தன. துளிர்த்ததும் விருந்தாளிகள் வந்தார்கள்.

துறைக்கு மேலண்டை வீட்டில் இருப்பவள் சலேஹா. கப்பலில் சமையல் பார்க்கும் அவள் புருஷன் எந்தத் துறைமுகத்திலோ ஒரு ஜோடி முயல் வாங்கிவந்து கொடுத்தான். கூண்டு இரண்டுக்குத்தான் இருந்தது. முயல்களோ இரண்டோடு நிற்கவில்லை. மிச்சமெல்லாம் ஆற்றங்கரையில் வளை தோண்டிக் குடியேறிவிட்டன. இருக்கிற கரையைத் தோண்டிப் போட்டது போதாதென்று பூவரசம் பட்டையையும் அடியில் சுற்றிக் கறம்பித் தின்றன. காத்தாயி நியாயம் கேட்கப் போனாள்.

"என் ஆர்னாப்பு ரொம்ப சாது லா, காத்தாயி" என்றாள் சலேஹா, மடியில் ஒன்றைத் தடவிக்கொண்டே. "புல்லுதான் தின்னும். அது வேற யார் வீட்டு மொயலோ."

அந்த வட்டாரத்தில் வேறு யார் வீட்டிலும் முயல் கிடையாது. ஆனால் சலேஹா வீட்டுத் துணி மாதம் தவறாமல் வருகிற துணி. காத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவந்தாள்.

வந்தவள் பழைய மரப்பெட்டியைத் திறந்தாள். துணியைப் போட்டுவிட்டு, வாங்க வராமலே ஊருக்குக் கப்பலேறிவிட்டவர்களின் உடுப்புகள் அதில் கிடந்தன. வேட்டி, சட்டை, கிராணிமார் காற்சட்டை எல்லாம் இருந்தன. மரங்களுக்குச் சுற்ற இவையே போதும் என்று முடிவு செய்தாள். ஆனால் சுருங்கின துணி அவள் கையிலிருந்து எப்படி வெளியே போகும்? ஒவ்வொன்றையும் அலசி, கெட்டியாகக் கஞ்சி போட்டு, தொட்டாங்குச்சிக் கரியில் பெட்டி தேய்த்துத்தான் மரத்துக்கு உடுத்தினாள். காற்சட்டைக் காலுக்குள் நுழைந்து நின்ற பூவரசுகளை டிராமில் போனவர்கள் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். "கந்தோர் வேலைக்குக் கெளம்பற தொரைங்க மாதிரி நிக்கறானுங்க பாரு" என்று தானும் சிரித்தாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது தொரைமார்களின் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. சோற்றுக் கஞ்சியின் ருசிக்குக் காற்சட்டையைத் தின்ற முயல்கள், அந்த ருசியிலேயே பட்டையையும் தின்று தீர்த்திருந்தன. இதுவரை எட்டிப்பார்க்காத குட்டிகள்கூட விருந்துக்கு வந்துபோன தடம் மண்ணில் இருந்தது. காத்தாயிக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. கல்லின்மேல் உட்கார்ந்து, தன் கஞ்சிப் பானையைத் தானே திட்டினாள்.

ஒரே ஒரு போத்து மட்டும் காயமில்லாமல் நின்றது. பெட்டித் துணி தீர்ந்துபோன அவசரத்தில், துவைக்காமல் கிடந்த யூசுப்பின் தோள்துண்டை அதற்குச் சுற்றியிருந்தாள். அவள் குனிந்து மோந்து பார்த்தாள். மிளகாய் நெடியில் தும்மல் வந்தது. தும்மி முடித்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

ஈரச் சேலையோடு நேரே சூலியா தெருவுக்குப் போனாள்.

"அண்ணே, உங்க தோள்துண்டு இருக்கறதெல்லாம் குடுங்க. தொவைக்க இல்ல."

யூசுப் கறி ஊற்றிய கரண்டியோடு நிமிர்ந்தார். "தொவைக்காம பின்ன என்ன செய்யப் போறே?"

"மரத்துக்குக் கட்டப் போறேன்."

"இத்தன வருசம் என் துண்டப் பாத்தாலே மூஞ்சியச் சுளிப்பே. இப்ப மரத்துக்கு மாப்பிள்ள உடுப்பா?"

"சிரிக்காதீங்க அண்ணே. எங்கல்லு போயிரும். மழ வந்தா துண்டு நெடியத் தொவைச்சுக்கிட்டுப் போயிரும், அதனால வாராவாரம் புதுசா வேணும். கொழம்பு கொஞ்சம் தாராளமாவே சிந்துங்க. உங்களுக்கு அது கஷ்டமில்ல."

யூசுப் சிரித்தபடி தோளில் கிடந்ததையே உருவிக் கொடுத்தார்.

செத்த போத்துகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டாள். எல்லாவற்றுக்கும் சூலியா தெருத் துண்டு. முயல்கள் கிட்டே வந்து, மூக்கை ஆட்டிவிட்டு, சலேஹா வீட்டுக் கீரைப்பாத்திக்கே திரும்பிப் போயின. "உங்க ஆர்னாப்பு புல்லுதான திங்கும்?" என்று காத்தாயி ஒருநாள் கேட்க, சலேஹா மறுவாரமே பெரிய கூண்டுக்குச் சொல்லிவிட்டாள். அப்படியும் பிடிபடாத சில முயல்கள் வளையிலேயே தங்கிவிட்டதால் துண்டு கட்டுவது நிற்கவில்லை.

ஆனால் காத்தாயியின் பாடு வேறாக இருந்தது. சலவைத்துறை வாசலிலேயே துவைக்காத கறைத்துணி. அதைக் கட்டுகிறபோது அவள் கை கூசியது. பழக்கம் விடாமல் கறையைப் பட்டைப் பக்கமாக உள்ளே திருப்பித்தான் கட்டினாள். அப்படியும் டிராம் மணி கேட்டால் துணி தேய்க்கிற கொட்டகைக்குள் போய்விடுவாள். "எந்த டோபி தொவைச்ச லட்சணம்னு கேப்பாகளே" என்று பக்கத்துக் கல்லுக்காரியிடம் புலம்புவாள்.

அந்த வருஷ மழை சுமாராகப் போயிற்று. அடுத்த ஐப்பசியில் சேர்த்து வைத்துப் பெய்தது. ஆறு பொங்கிக் கொட்டகை வாசல்வரை ஏறியது. தண்ணீர் வடிந்த காலையில் காத்தாயி கல்லைப் பார்க்கப் பயந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டே இறங்கிவந்தாள். மேலண்டையில் மரம் நடாத கரை பாதி காணவில்லை. இங்கே மண் கொஞ்சம் கரைந்து பூவரசு வேர்கள் வெளியே தெரிந்தன. கயிறு கயிறாக அவை கரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. கல் இருந்த இடத்தில் இருந்தது. அவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, யாரும் கேட்காமலே சிரித்தாள்.

பிறகு எழுந்து, யூசுப் அனுப்பியிருந்த புது மூட்டையை அவிழ்த்தாள். முதல் மரத்தில் மழையால் பல வாரமாக மாற்றாத பழைய துண்டு வெள்ளத்தில் வெளுத்துப்போய், பருத்துவிட்ட தண்டில் முடிச்சு இறுகிக் கிடந்தது. பக்குவமாக அவிழ்த்து எடுத்தாள். புதுத்துண்டை உதறினாள். நடுவே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. கை தன்னால் அதை உள்ளே வைத்து மடித்தது. வளைவில் டிராம் மணி கேட்டது. காத்தாயி மடிப்பைப் பிரித்தாள். கறை பாதையைப் பார்க்கும்படி துண்டைத் திருப்பி, மரத்துக்குத் தாராளமாக இடம்விட்டு முடிச்சுப் போட்டு, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.