வெற்றிலைக் கூடைக்குப் பின்னால் வந்த கல்வியியல்

கல்லூரி ஆசிரியர்களுக்குள் பொறாமை சம்பளத்தாலும் பதவி உயர்வாலும் உண்டாகிறது என்றொரு நம்பிக்கை நாட்டில் நிலவுகிறது. இது முற்றிலும் ஆதாரமற்றது. சம்பளம் எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைவு. பதவி உயர்வு ஒருவருக்கும் வருவதில்லை. பொறாமை பக்கத்து மேசையிலிருந்து வருகிறது. தன் பாடத்துக்கு ஆள் தேடி உட்கார்ந்துகொண்டு, அடுத்த மேசையில் கூட்டம் மொய்ப்பதைப் பார்த்திருக்கும் சக துன்பவாசிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில் தேனியில் ஒரு கல்லூரியில் நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பட்டப் படிப்போடு கல்வியியலைத் துணைப்பாடமாக எடுக்கலாம் என்று அனுமதி வந்தது. திட்டம் போட்டு நடத்தும் பொறுப்பு எனக்கு. வகுப்பு நிறையாவிட்டால் ஒரே ஆண்டில் பாடத்தை எடுத்துவிடுவதாக ஏற்பாடு. அதே ஆண்டு பொருளாதாரத் துறை ஞானராஜுக்குக் கூட்டுறவுத் துணைப்பாடம் கொடுத்தார்கள்.

சேர்க்கை நாள்

எங்கள் இருவருக்கும் வராந்தாவில் அடுத்தடுத்து மேசை. ஞானராஜ் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்தவரில்லை. ஆனால் வருகிறவர்களிடம் எந்த ஊர், தண்ணீர் திறந்துவிட்டார்களா, நாற்று போட்டாயிற்றா என்று விசாரிப்பார். அவர் மேசையில் திருவிழாக் கூட்டம். என் மேசைக்குச் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி, மகள் பாண்டியம்மாளோடு வந்தார்.

“இதைப் படிச்சா டீச்சர் வேலை கிடைக்குமா சார்?”

“அதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது. இது கல்வி என்றால் என்ன என்று ஆராய்கிற பாடம்.”

“அந்தா, அங்கன ஒரு சார் இருக்காகளே, அவுக பாடம்?”

“கூட்டுறவு. சங்கங்களில் வேலைக்கு உதவலாம்.”

பெரியவர் இரண்டு மேசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மகளோ, டீச்சர் ஆவதற்கு இதுதான் நெருக்கமான பாடம் என்று பிடிவாதமாக என் தாளில் கையெழுத்துப் போட்டாள். அவர் போகும்போது இரக்கத்தோடு கேட்டார்: “நீங்களும் அவுக மாதிரி நாலு வார்த்தை சிரிச்சுப் பேசுனா என்ன சார்?”

பாடத்திட்டம்

துணைப்பாடம்தானே என்று நான் அலட்சியம் செய்யவில்லை. கிரேக்கத்தில் தொடங்கினேன். ரோமாபுரி, இடைக்கால மடங்கள், ஜெர்மனியின் குழந்தைத் தோட்டங்கள் என்று ஒழுங்காக நடந்து வந்தேன். ஒவ்வொரு தலைப்புக்கும் மேற்கோள் நூல், அந்த நூலுக்கு மறுப்பு நூல். ஞானராஜின் திட்டமோ ஒரே தாள். அதிலும் பாதி, எந்தச் சங்கத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவது என்பதுதான். சின்னமனூர் வெற்றிலை விவசாயிகள் சங்கம் முதலிடத்தில் இருந்தது. இதையெல்லாம் பாடம் என்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

பிரின்சிபால் ஞானராஜின் தாளைப் படித்துச் சிரித்துக் கையெழுத்திட்டார். என்னுடையதை நெடுநேரம் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாம் சரி சார், தேனிக்கு எந்த மாசம் வந்து சேருவீங்க?”

டைம்டேபிள்

கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரே காரணத்துக்காக டைம்டேபிள் போடும் வேலையும் என்னிடம் வந்தது. முதல் பீரியடில் எனக்கு வகுப்பே இருந்ததில்லை. பழைய டைம்டேபிளை முழுதாகப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். காலை முதல் பீரியடில் எல்லா வகுப்புக்கும் ‘நூலகம்’ என்று போட்டிருந்தது. மனம் மிகத் தெளிவாக இருக்கும் நேரம் அது என்று உளவியல் நூல்கள் ஒரு முகமாகச் சொல்கின்றன. அந்தப் பீரியடை நாள் தவறாமல் கல்வியியலுக்கு எடுத்துக்கொண்டேன். மனம் சோர்ந்து கண் செருகும் கடைசி பீரியடைக் கூட்டுறவுக்குக் கொடுத்தேன்.

இதில் சொந்த விருப்பு வெறுப்பு இல்லை, முழுக்க அறிவியல் என்று ஞானராஜுக்கு விளக்கவும் செய்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரொம்ப நன்றி சார். நானே உங்ககிட்ட இதைக் கேக்கலாம்னுதான் இருந்தேன்.”

முதல் பீரியட்

எதற்கு நன்றி என்பது முதல் நாளே தெரிந்தது. என் எதிரே பழனிசெட்டிபட்டியிலிருந்து சைக்கிளில் வந்த சிலர் மட்டும் இருந்தார்கள். பீரியட் முடிந்து மணி அடிக்கிற நேரத்தில் கதவு திறந்தது. பச்சை வெற்றிலை வாசனையோடு கம்பம் பஸ்ஸில் வருகிற மாணவர்கள் அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். கிரேக்கம் அதற்குள் முடிந்திருந்தது.

“சின்னமனூர்ல கூடை ஏத்தாம வண்டி எடுக்க மாட்டாக சார்” என்றாள் பாண்டியம்மாள். “அதான் எப்பவும் மொத பீரியட நூலகம்னு போட்டுவைப்பாகளாம்.”

எதிர்த்திசையில், பெரியகுளம் சாலையிலிருந்து வரும் எனக்கு இது தெரிய நியாயமில்லை. அன்று மாலை பஸ் நிலையத்தில் கண்டக்டரைப் பிடித்து, ஒரு நாட்டுக்குக் கல்வி எவ்வளவு அவசியம் என்று எடுத்துச் சொன்னேன். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். “சொல்றது சரிதான் சார். ஆனா வெத்தலை வாடிப்போகும், உங்க பிள்ளைக வாடாதுல்ல?”

கடைசி பீரியட்

கம்பம் வண்டி திரும்பிப் போக மாலையாகும். அதுவரை வெயிலில் நிற்பதற்குப் பதில் எல்லோரும் வேப்ப மர நிழல் விழும் ஞானராஜ் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். வராந்தாவில் வேறு வேலையாக நாலைந்து தடவை அப்பக்கம் போனேன். உள்ளே ஒரே சிரிப்பு. என் வகுப்பில் இருமல் சத்தம்தான் கேட்கும். இங்கே முன் பெஞ்சில் பாண்டியம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

சன்னலோரம் நின்று கேட்டேன்: “உனக்கு இந்தப் பாடம் கிடையாதே, அம்மா?”

“பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு சார்.” அவள் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். “நீங்களும் வாங்க சார், இங்கன எடம் இருக்கு.”

ஆண்டு முடிவு

கல்வியியலை எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. கூட்டத்தில் ஞானராஜ் எழுந்தார். பாடத்தில் குறையில்லை, நேரத்தில்தான் குறை என்றார். கடைசி பீரியடைக் கல்வியியலுக்குக் கொடுத்துவிட்டு முதல் பீரியடைத் தாம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். என் பாடம் பிழைத்தது. பாண்டியம்மாள் வராந்தாவில் ஓடிவந்து சொன்னாள்: “ஞானராஜ் சாருக்குத்தான் சார் எம்புட்டு பெரிய மனசு!”

கெடுதல் செய்த சக ஆசிரியரை மன்னிப்பது பற்றி நிறையவே படித்திருக்கிறேன், நன்மை செய்தவரை எப்படி மன்னிப்பது என்று நான் படித்த நூல் எதிலும் இல்லை. ஞானராஜ் சங்கத்தில் நாலு வார்த்தை சிரித்துப் பேசியதில், அந்த ஜூன் மாதம் முதல் சின்னமனூர் வெற்றிலைக் கூடைகள் அடுத்த வண்டியில் வந்தன.