லியாவுக்கு நான் காட்டிய விரல்

எங்கள் வீட்டுக்கு எதிர்க் கதவு லியாவின் வீடு. பாதர்ஸ்ட் தெருவில் ஒரு பழைய வாடகைக் கட்டடம், ஏழாம் மாடி. இருவருக்கும் பன்னிரண்டு வயது, ஒரே வகுப்பு. அந்த மாசி மாதம் அவள் தன் யூத ஆலயத்தில், எல்லோர் முன்னிலையிலும், முதன்முறையாகத் தங்கள் வேதமான தோராவிலிருந்து ஓத வேண்டியிருந்தது. பிள்ளை பெரியவர்களோடு எண்ணப்படும் நாள் அது. தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக ஆண்டு முழுவதும் ஓதி முடிப்பது அவர்கள் வழக்கம். லியாவின் வாரத்துக்கு வாய்த்தது, சீனாய் மலையில் இடிக்கும் புகைக்கும் நடுவே கடவுள் பத்துக் கட்டளைகளைத் தரும் பகுதி.

தோரா எழுதிய சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே இருக்கும். உயிர்க்குறிகளையும் இராகத்தையும் மனத்தில் கொண்டுபோக வேண்டும். லியாவோ ஏழாம் வாய்ப்பாட்டையே மறப்பவள். "ஒரு சொல் பிழைத்தாலும் கிழவர்கள் அந்த இடத்திலேயே சத்தமாகத் திருத்துவார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அழுதாள்.

அவளுடைய அப்பா முழுவதையும் ஒரு கசெற்றில் பாடிக் கொடுத்திருந்தார். எனக்கு எபிரேயம் ஓரெழுத்தும் தெரியாது. ஆனால் தேவார வகுப்பில் பொருள் தெரியாமலே பதிகங்களைப் பிழையின்றிப் பாடிப் பரிசு வாங்கியவள் நான். கசெற்றை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதினேன். குரல் ஏறும் இடத்தில் மேலே சிவப்புக் கோடு, இறங்கும் இடத்தில் கீழே நீலக் கோடு. பதினொரு பக்கம் வந்தது. பள்ளி விட்டதும் அவள் கட்டிலில் இருந்து ஓதுவாள். நான் கொப்பியோடு எதிரே இருப்பேன். பிழைத்தால் சுட்டுவிரலை உயர்த்துவேன். அவள் உடனே நின்று திரும்ப ஓதுவாள்.

"உன்ர பாடத்தைப் படியெண்டால் நித்திரை வருது. உவளின்ர வேதத்துக்கு மட்டும் பெரிய வாத்தியாரம்மா!" என்றார் அம்மா.

கடைசி வாரம் எனக்குக் காய்ச்சல். எதிர்க் கதவைத் தட்டவே அம்மா விடவில்லை.

சனிக்கிழமை காலை காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா காஞ்சிபுரச் சேலைக்கு மேல் குளிர்க்கோட்டும் கீழே பனிச் சப்பாத்துமாக நடக்க, நான் பின்னால் போனேன். ஆலயத்தில் இரண்டாம் வரிசையின் ஓரத்தில் இடம் கிடைத்தது. மேடையில் லியா ஒரு வெள்ளிக் குச்சியால் சுருளைத் தொட்டுத் தொட்டு ஓதினாள். பக்கத்தில் அவளுடைய அப்பா. ஒவ்வொரு வரி முடிவிலும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். மலை புகையும் வரை ஒரு பிழையும் இல்லை.

கட்டளைகள் தொடங்கும் இடத்தில் சபை முழுவதும் எழுந்து நின்றது. நாங்களும் நின்றோம். லியா வேறு இராகத்தில் ஓதத் தொடங்கினாள். நான் சிவப்புக் கோடு போட்ட இடத்தில் குரல் இறங்கியது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் அடுத்த வரியையும் அள்ளிக்கொண்டு ஓடியது. கிழவர்களைப் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிட்டார்கள் போலும். கடவுள் சொன்னதை அப்படி விடலாமா? நான் விரலை உயர்த்தினேன்.

லியா நின்றுவிட்டாள்.

அவளுடைய காதுகள் சிவந்தன. அவளுடைய அப்பா அடுத்த சொல்லை மெல்லப் பாடினார், அதே புது இராகத்தில். அவள் பிடித்துக்கொண்டாள். கடைசிக் கட்டளை முடியும் வரை சுருளை விட்டு நிமிரவில்லை.

முடிந்ததும் எல்லோரும் அவள்மேல் மிட்டாய் எறிந்து வாழ்த்தினார்கள். "உதென்ன, பிள்ளைக்கு எறியினம்!" என்று அம்மா பதறினார்.

கீழே விருந்து மண்டபத்தில் நான் நேரே லியாவின் அப்பாவிடம் போய், கசெற்றில் இருந்தது வேறு என்று முறையிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். கட்டளைகளுக்கு மட்டும் இரண்டு இராகம் உண்டாம். தனியே இருந்து படிக்க ஒன்று, சபை எழுந்து நின்று கேட்க இன்னொன்று.

"வீட்டு இராகத்தைப் பதிந்துவிட்டேன், முட்டாள் நான். திங்கட்கிழமைதான் ஆலயத்து ஆசிரியை கண்டுபிடித்தார். பாவம், ஐந்து நாளில் முழுவதையும் மாற்றிப் படித்தாள்."

நான் சுட்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

அதற்குள் அம்மா லியாவைக் கண்டு கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "வடிவாப் பாடினனி, பிள்ளை. நடுவில ஏன் நிண்டனி?" என்று கேட்டுவிட்டு, மொழிபெயர்க்கும்படி என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

லியா கையிலிருந்த கேக்கைப் பார்த்தாள். "மறந்துவிட்டேன், அன்ரி."

"மறந்திட்டாளாம்" என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

"பறவாயில்லை, ஆர்தான் மறக்கேல்லை" என்றார் அம்மா. லியா தன் கேக்கில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.

அன்று இரவு நான் எழுதிய நாட்குறிப்பு என்னிடம் இன்னும் இருக்கிறது. "லியா ஓரிடத்தில் மறந்துவிட்டாள். நான் விரல் காட்டியதை அவள் காணவில்லை, நல்ல காலம்" என்று எழுதியிருக்கிறேன். அதற்கடுத்த வரி: "அதன் பிறகு முடியும் வரை அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை." இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாக எழுதி, மை காயும் வரை காத்திருந்து, நாட்குறிப்பை மூடியிருக்கிறேன்.