மாமாவின் நாற்காலியும் ஐந்து நாள் டெஸ்டும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு நேர் எதிரே ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அது மாமாவுடையது. அதில் வேறொருவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதனால், உம்மாவின் தங்கையான சாச்சியைக் கட்டி வந்த புது மாப்பிள்ளை, எங்கள் சாச்சா, ஒருநாள் விடிகாலையில் டீ டம்ளரோடு வந்து அதில் சாவகாசமாக உட்கார்ந்து காலை நீட்டியபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கூடத்துக்குள் வந்த உம்மா அதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே அடுப்படிக்குத் திரும்பிப் போனார்.

காரைக்காலில் எங்கள் தெரு மரைக்காயர் வீடுகளில் கல்யாணமானால் பெண் எங்கும் போகமாட்டாள், வீடு அவளுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்துவிடுவார். வாப்பாவும் அப்படி வந்தவர்தான். பதினோரு வயதுப் பெண்ணான எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. உம்மாவின் அண்ணனான மாமாகூட அடுத்த தெருவில் மாமி வீட்டில்தான் இருந்தார். ஆனால் டெஸ்ட் மேட்ச் என்றால் அவருக்குப் பிறந்த வீட்டில் பார்க்க வேண்டும். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு நேராக வந்து நாற்காலியைப் பிடிப்பார், ரிமோட்டையும் பிடித்துக்கொள்வார். கதவோரத்து பிளாஸ்டிக் ஸ்டூல் வாப்பாவின் இடம்.

அது அரையாண்டு விடுமுறை. நம் அணி ஆஸ்திரேலியாவில் ஆடியதால் நமக்கு விடிவதற்கு முன்பே ஆட்டம் தொடங்கிவிடும். மாமா வந்தார். நாற்காலியைப் பார்த்தார். சாச்சா எழுந்திருக்கவில்லை.

"வாங்க மச்சான், ஒக்காருங்க" என்று பாயைக் காட்டினார்.

மாமா பாயில் உட்கார்ந்தார். நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா ஒரு சோப்பு விளம்பரத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் தொடக்க ஆட்டக்காரர் முதல் ஓவரிலேயே இறங்கி வந்து விளாசினார். "இது நம்ம ஊரு பிச்சு இல்ல மாப்புள. பந்து நெஞ்சுக்கு எழும்பும். மொத ஒரு மணி நேரம் மரியாத குடுக்கணும்" என்றார் மாமா.

"மரியாத குடுத்தா தலையில ஏறி ஒக்காந்துக்குவான் மச்சான். போன ஒடனே அடிச்சிடணும். அப்பதான் பயப்படுவான்."

உணவு இடைவேளைக்கு முன்பே அந்த ஆட்டக்காரர் சதம் அடித்துவிட்டார். நான் அந்த நிமிடமே சாச்சா கட்சியில் சேர்ந்துவிட்டேன். மொட்டைமாடியில் எங்களோடு ஆடும்போது வாப்பா எந்தப் பந்தையும் அடிக்கமாட்டார். தடுத்துத் தடுத்துக் காலடியிலேயே போடுவார். அதற்குக் கட்டை போடுவது என்று பெயர். "வாப்பா எறங்கியிருந்தா அஞ்சு நாளும் கட்டைதான்!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், மாமா எல்லோரையும்விடச் சத்தமாக. வாப்பாவும் சிரித்தார்.

அடுத்த இரண்டு நாளும் சாச்சா மாமாவை முந்திக்கொண்டு நாற்காலிக்கு வந்துவிட்டார். பாயாவில் உப்பு குறைவு என்றார். தெருப்பக்கத்து ஜன்னலை ஏன் சாத்தியே வைத்திருக்கிறீர்கள் என்று திறந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

நான்காம் நாளுக்குள் எதிரணி நம்மைத் தாண்டி எக்கச்சக்கமாகக் குவித்துவிட்டது. இனி ஜெயிக்க வழியில்லை. மறுநாள் ஆட்டம் முடியும்வரை விழாமல் நின்றால் டிரா. அதே ஆட்டக்காரர் இரண்டாம் பந்திலேயே கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். பந்து வானத்துக்குப் போய், கீழே நின்றவன் கையில் விழுந்தது. நீட்டியிருந்த காலைச் சாச்சா மெல்ல மடக்கினார்.

"போன எடத்துல அடக்கி வாசிக்கணும்" என்றார் மாமா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரச் சொல்றீங்க?"

"ஆட்டத்தத்தான் சொன்னேன் மாப்புள. வேற யாருக்காவது சுட்டா நான் என்ன பண்ண?"

சாச்சா எழுந்தார். "நான் எம்பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எங்க பட்டினத்துக்கே போறேன்!"

திருமலைராயன்பட்டினம் பஸ்ஸில் ஏறினால் கால் மணி நேரம். ஆனால் கட்டிக்கொடுத்த பெண் வீட்டைவிட்டுப் போனாள் என்று எங்கள் தெருவில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. சாச்சி அறைவாசலில் நின்று அழ ஆரம்பித்தார். சாச்சா துபாய் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

அப்போது வாப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து போய் டிவியை அணைத்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அணைத்தார்.

"தம்பி போனா நானும் கெளம்புறேன் மச்சான்."

"நீங்களா? ஒங்களுக்கு இங்க என்ன கொறச்சல்?"

"ஒரு கொறையும் இல்ல. பன்னெண்டு வருஷமா அடக்கித்தான் வாசிக்கிறேன். அது நீங்க நெனைக்கிற மாதிரி லேசு இல்ல."

வாப்பா குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீங்க எங்க வாப்பா போவீங்க? இதானே நம்ம வூடு?" என்றேன். வாப்பா என் தலையைத் தடவினார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாப்பாவும் கூட வருவார் என்று சாச்சா எதிர்பார்க்கவில்லை போலும். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் மாமா வரவில்லை. "போய் மாமாவக் கூட்டிட்டு வா. நான் கூப்புட்டேன்னு சொல்லு" என்று வாப்பா என்னை அனுப்பினார்.

மாமி வீட்டுக் கூடத்தில் மாமியின் தம்பி சோபாவில் படுத்தபடி பாட்டு சேனல் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் மாமா. "ஸ்கோர் மட்டும் ஒரு தடவ பாத்துக்கவா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டு மாமாவா இது? முந்தின நாள் நடந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வழியில் மாமா கேட்டார்: "வாப்பா கோவமா இருக்காங்களா?"

"தெரியல மாமா. நம்மாளுங்க இன்னும் ஆல் அவுட்டாகல."

வீட்டில் நாற்காலி காலியாக இருந்தது. சாச்சா பாயில் இருந்தார். மாமா நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்தார். வாப்பா ஸ்டூலில் இருந்தார். திரையில் கடைசி ஜோடி பந்து பந்தாகக் கட்டை போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை நாம் தோற்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"மொத இன்னிங்சுல அவன் அடிச்சதாலதான் இன்னக்கி இவனுங்க கட்டை போட முடியுது" என்றார் சாச்சா, மெதுவாக.

"அதுவும் சரிதான்" என்றார் மாமா.

எனக்கு நின்று நின்று கால் வலித்தது. நாற்காலி சும்மாதானே கிடக்கிறது என்று ஏறி உட்கார்ந்தேன். ரிமோட்டும் அதிலேயே கிடந்தது. சத்தத்தைக் கூட்டினேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"நல்லா ஒக்காரும்மா. இது ஒன் வூடு" என்றார் வாப்பா.

நம்ம வீடு என்றுதானே நான் சொன்னேன், வாப்பா ஏன் மாற்றிச் சொல்கிறார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்த பந்து வந்துவிட்டது.