ஈரமான கால்

ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘உள்ளபடி’. கடைப்பலகை எழுதிப் பிழைத்தவர். யாரிடமும் படிக்காமல், பார்த்துப் பார்த்தே ஆடு மாடு வரையக் கற்றுக்கொண்டார். சேவலுக்கு வாலில் இரண்டு இறகு இல்லையென்றால் படத்திலும் இருக்காது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? படம் கேட்டவர்களில் பாதிப் பேர் வாங்கிப்போக வரவில்லை. ஆனால் அவர்களே, “மனுசன் கை பொய் சொல்லாதுப்பா” என்று பேசிக்கொண்டார்கள். அவருக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒரு பேச்சுதான்.

தங்கை புருஷன் தன் பசுவை விற்க நினைத்தார். அது போவதற்கு முன் ஞாபகமாக ஒரு படம் இருக்கட்டும் என்று அவரே கேட்டார். உள்ளபடி தொழுவத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வரைந்து முடித்தார். படம் கூடத்தில் ஏறியது.

வியாபாரி வந்த அன்று, குளம்பு மறைகிற அளவுக்கு வைக்கோலைப் பரப்பி, அதில் பசுவை நிறுத்தியிருந்தார் மாப்பிள்ளை. நடத்திக் காட்டச் சொன்னதற்கு, “இப்பத்தான் தீனி தின்னுச்சுங்க” என்று சமாளித்தார். வியாபாரி பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், தலையாட்டினார். தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தவர் படத்தின் முன் நின்றுவிட்டார்.

“இடது பின்னங்கால் சரியா ஊனலையே?”

“வரையறப்போ அசைஞ்சிருக்குங்க.”

“உள்ளபடி வரைஞ்சதா? அப்போ கால்தான் கோளாறு. மாடு வேணாம்.”

அவர் போனதும் வீடு இரண்டுபட்டது.

“ஏன் மச்சான், நாலு காலையும் ஒரே மாதிரி போட்டா உங்க பிரஷ் கோவிச்சுக்குமா?”

“பார்த்ததைத்தானே மாப்பிள்ளை போட்டேன்.”

“பார்த்தீங்கல்ல அண்ணே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?” என்றாள் தங்கை.

அந்தக் காலின் நிழலைப் பிடிக்க உள்ளபடி அப்படிப் பாடுபட்டாரே ஒழிய, மாட்டுக்கு வலிக்குமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தங்கை இருவரையும் சண்டை போட விட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போனாள். குளம்பின் பிளவில் ஒரு கூழாங்கல். நெம்பி எடுத்து மருந்து வைத்துக் கட்டினாள். புண் ஆறியதும் பசு நாலு காலிலும் ஊன்றி நின்றது.

“இப்போ நேராத்தானே நிக்குது? இப்போ வரைஞ்சா பொய்யில்லையே அண்ணே?”

மறுக்க முடியவில்லை. பழைய காலைச் சுரண்டிவிட்டு, மாட்டைப் பார்த்தே புதுக் கால் வரைந்தார். எண்ணெய் வண்ணம் காய நாளாகும். மாப்பிள்ளைக்குப் பொறுக்குமா? கையோடு வியாபாரியைக் கூட்டிவந்துவிட்டார்.

வியாபாரி தொழுவத்தின் பக்கமே திரும்பவில்லை. நேரே கூடத்துக்குப் போய்ப் படத்தைத் தொட்டார். கட்டைவிரலில் பழுப்பு ஒட்டியது.

“கால் ஈரமா இருக்கே ஓவியரே.”

“கல்லு இருந்துச்சுங்க, எடுத்தாச்சு. மாட்டை வந்து பாருங்களேன்.”

“மாட்டை ஜோடிச்சு நிறுத்துவாங்கன்னுதானே உங்க படத்தை நம்பினேன். நீங்களுமா?”

விரலைச் சுவரில் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளபடி சரிக்கட்டி வரைகிறாராம் என்று செய்தி பரவியது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் வாசலில் கூட்டம் கூடியது. முன்னால் நின்றவர் சேவல்காரர்.

“அண்ணே, மாட்டுக்கே கால் போட்டீங்களாம். என் சேவலுக்கு ரெண்டு இறகு போட மாட்டீங்களா?”

உள்ளபடி முக்காலியை எடுத்துப் போட்டார்.

“சேவலைக் கொண்டு வாங்க. முளைச்சிருந்தா போடறேன்.”