மூன்றாவது கேரட்

பொம்மைப் படமெல்லாம் குழந்தைகள் சமாச்சாரம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரே ஒரு நாள் டார்ச்சக்காவோடு தியேட்டரைக் கூட்ட வரவேண்டும். அப்போது தெரியும் சேதி.

நாற்காலிக்கடியில் டார்ச் அடித்துக் கூட்டுவதால் அவளுக்கு அந்தப் பெயர். சண்டைப் படம் என்றால் தீனிப் பொட்டலமும் காலி பாட்டிலும் வரும். இந்த முயல் படம் வந்த மூன்று வாரமாக அள்ள அள்ளக் கசங்கிய டிஷ்யூ காகிதம்தான். அழுதது பிள்ளைகளா? அதுகள் குதித்துக்கொண்டு ஓடும். பின்னால் வருகிற அப்பாக்களும் தடி ஊன்றிய பெரியவர்களும்தான் மூக்கை உறிஞ்சுவார்கள். மீசைக்காரர் ஒருவர் “கண்ல தூசி” என்று அவளிடம் வலிய வந்து சொன்னார். அவள் கூட்டின ஹாலில் ஏதய்யா தூசி!

பக்கத்து ஹாலை முடித்துவிட்டு, படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் துடைப்பத்தோடு உள்ளே வந்து நிற்பாள். அதனால் எந்தப் படத்துக்கும் தலை தெரியாது, வால் மட்டும் மனப்பாடம். முயல் படத்தின் வால் இதுதான்: மழை விட்ட காலையில், வளைக்குள்ளேயே சுருண்டு கிடந்த அப்பா முயல் வெளியே வரும். மூன்று கேரட் பிடுங்கும். அம்மா முயலுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, மூன்றாவதை வாசல் கல்மேல் வைக்கும். குட்டி எங்கேயோ விளையாடப் போயிருக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். பெரியவர்கள் அழுவதும் சந்தோஷத்தில் என்றே நினைத்தாள்.

அவள் வீட்டிலும் ஒருவர் வளைக்குள் கிடந்தார். புருஷன், பஸ் டிரைவர். ஏழு வயசு மகள் காய்ச்சலில் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. அவர் ஒரு சொட்டு அழவில்லை. மகள் பேச்சை எடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பாப்பாவின் பூப்போட்ட தட்டைக் கண்ணில் காட்டாதே என்றார், இவள் பரணில் ஏற்றினாள். போன வாரம், “நானும் போயிட்டா உனக்கு ஒரு பாரம் குறையும்” என்றார். அன்றிலிருந்து சவர பிளேடையும் மாத்திரைப் பட்டையையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறாள்.

“பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றவங்களைத் தவிர பெரியவங்க யாரும் வர மாட்டேங்கறாங்கக்கா. நாளைக்குக் காலை ஷோவோட படத்தைத் தூக்கறோம்” என்றார் மேனேஜர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அப்பா முயல் வெளியே வருவதைத் தன் புருஷன் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அவள் மனசுக்குள் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

“பொம்மைப் படம் பார்க்கற வயசாடி எனக்கு?” என்றார் அவர், ராத்திரி வீட்டில் அவள் கூப்பிட்டதும்.

“எனக்காக வாங்க. உங்க கால்ல வேணா விழறேன்.”

சொன்னதோடு நிற்காமல் விழுந்தேவிட்டாள். மறுநாள் காலை அவர் வந்தார். லீவு சொல்லிவிட்டு, முதல் தடவையாக ஒரு படத்தைத் தலையிலிருந்து பார்க்க அவளும் உட்கார்ந்தாள்.

கால் மணிகூட ஆகவில்லை. குட்டி முயலுக்குக் காய்ச்சல். அப்பா முயல் பச்சிலை தேடிக் காடெல்லாம் ஓடி, நனைந்து, வாயில் கவ்விக்கொண்டு திரும்பி வருகிறது. அம்மா முயல் தலையை மட்டும் ஆட்டுகிறது.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய்! டார்ச்சக்கா தன் தலையில் அடித்துக்கொண்டாள். டிரைவர் எழுந்து, யார் கால்களையோ மிதித்துக்கொண்டு வெளியே போனார். படிக்கட்டருகே ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

“தெரிஞ்சேதானே கூட்டிட்டு வந்தே?”

“சத்தியமாத் தெரியாதுங்க! நான் கடைசிப் பத்து நிமிஷம்தான் பார்த்திருக்கேன். முடிவு நல்லா இருக்கும்…”

“குட்டியே போயிடுச்சு, அப்புறம் என்னடி நல்ல முடிவு?”

“அப்பா முயல் வெளிய வரும். மூணு கேரட் எடுத்துட்டு வரும். அம்மாவுக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணு…” குட்டி விளையாடப் போகவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

“மூணா?” என்றார் அவர்.

“மூணு.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “நீ எத்தனை தடவை கூப்பிட்டே அன்னைக்கு! வண்டி ஓட்டறேன்னு போனை அணைச்சு வெச்சிருந்தேனே! மருந்தோட வந்தேன், எங்கண்ணு இல்லையே!” என்று அடிவயிற்றிலிருந்து கதறினார். பாப்கார்ன் விற்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். படம் முடிந்து ஆட்கள் அவர்களைச் சுற்றி இறங்கிப் போனார்கள். அதில் பாதிப் பேருக்குக் கண் சிவந்திருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்தார்.

“பாப்பா தட்டு எங்கே?”

“நீங்கதானே கண்ல காட்டாதேன்னீங்க? பரண்ல இருக்கு.”

“வீட்டுக்குப் போனதும் இறக்கு. இன்னைக்கு நான் பரிமாறறேன்.”