பெரணிக் குழுவும் மூன்றாவது சைரனும்

குந்தா பக்கம் ஓர் அணையில் உதவிப் பொறியாளராக இருந்தேன். மதகு திறக்குமுன் கீழ்க்கரை ஊர்களுக்குத் தகவல், காவல் நிலையத்துக்குத் தகவல், பிறகு இடைவெளி விட்டு மூன்று சைரன். மூன்றாவது ஊதியதும் மதகைத் திறந்தாக வேண்டும். ஆற்றுக்குள் நிற்பவருக்கு அது கேட்டதா என்று நடைமுறையில் கேள்வியே கிடையாது.

பழைய ரேடியோ, மழைமானி, ஊறுகாய், பெரணிச் செடி என்று எனக்குப் பல வாட்ஸ்அப் குழுக்கள். பெரணிக் குழுவில்தான் கண்டிப்பு அதிகம். இடம் தெரிந்தால் அபூர்வச் செடியைப் பிடுங்கி விற்க ஆள் வந்துவிடும். எனவே இடம் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது.

அன்று விடாத மழை. அணை நிரம்பி, திறக்க உத்தரவும் வந்துவிட்டது. இரண்டாவது சைரன் ஓய்ந்த கையோடு குழுவில் ஒரு படம். “இப்போதுதான் கண்டேன். அருவிச் சத்தத்தில் காது அடைக்கிறது.” ஈரப்பாறையில் பெரணி; அதன் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் நீர்மட்ட அளவுக்கோடு. எங்கள் ஆட்கள் போட்டது போலவே இருந்தது.

“எந்த இடம்? உடனே சொல்லுங்கள்” என்று போட்டேன். குழு நிர்வாகி அதை அழித்துவிட்டு, “மூத்த உறுப்பினரே விதியை மீறலாமா?” என்று கைகூப்பும் பொம்மையோடு கேட்டார். படம் போட்டவரின் எண்ணுக்கு அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. படத்தைப் பெரிதாக்கினேன். கோட்டுக்கு மேலே எங்கள் அணையின் குறியீடு. அணைக்குக் கீழே ஆற்றின் முதல் வளைவு!

டிரைவர் சூசையை ஜீப்பில் அங்கே விரட்டிவிட்டு, செயற்பொறியாளருக்குப் போன் செய்தேன்.

“சார், ஆத்துக்குள்ளார ஆள் இருக்குதுங்க. கொஞ்சம் பொறுக்கோணும்.”

“யாரு பாத்தது?”

“பெரணி குரூப்புல படம் வந்துச்சுங்க.”

“ஏனுங்க, அணை ரொம்பி நிக்குது, நீங்க கீரைப் படம் பாத்துட்டு இருக்கீங்களா? தொறங்க!”

“மூணாவது சைரன் ஊதாமத் தொறக்கக் கூடாதுங்களே சார்.”

“அப்ப ஊதுங்க!”

“ஊதுனா தொறந்தாகோணுமுங்க.”

நீர் மதகின் மேல் விளிம்பைத் தொட்டது. அணைக்கு ஏதாவது ஆனால் கீழே ஊர்கள் இருக்கின்றன. பொத்தானின் மேல் விரலை வைத்தபடி நின்றேன்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

“சார், மேல ஏத்திட்டனுங்க! ஸ்கூல் டீச்சருங்க. ஆபத்துன்னு கையப் புடிச்சு இழுத்தா, ‘இந்த எடத்த யாருகிட்டயும் சொல்லிராதீங்க’ன்றாங்க!”

ஊதினேன். மதகு திறந்தது. சற்று நேரத்தில் அந்தப் பாறை இருந்த இடமே தெரியவில்லை.

புதிதாகப் பணிக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். சைரன் ஊதுவதோடு பாதி வேலைதான் முடிகிறது. கேட்டதா என்று பார்க்க ஆளை அனுப்புங்கள். பெரணிக் குழுவிலும் விதி மாறிவிட்டது: ஆற்றில் இறங்குபவர் நிர்வாகியிடம் மட்டும் இடம் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்றும் குழுவில் படம் வந்தால் செடியை அப்புறம்தான் பார்க்கிறேன். முதலில் பாறையில் வெள்ளைக்கோட்டைத் தேடுகிறேன்.