வஸ்தாது கைமாறிய கதை

குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கும் பாண்டிச்செல்விக்கு வார்டு வேலை கிடையாது. இளைப்பு அடங்காத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போய், இன்ஹேலரை ஒழுங்காக இழுக்கிறார்களா, வீட்டில் புகை, தூசி உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் தலை தெருமுனையில் தெரிந்தாலே கொசுவர்த்திகள் அணையும். அப்பாக்களின் பீடிக்கட்டுகள் மாயமாகும். அதனால் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமையே போய் நிற்பாள். இப்படிப் பொய் சொல்வதில் அவளுக்குக் கூச்சம் இல்லை; கொஞ்சம் சந்தோஷம்கூட உண்டு.

அவளுக்கே தண்ணி காட்டியது அவனியாபுரத்து அழகுராஜா வீடுதான். வெல்டிங் பட்டறைக்காரன். மகள் தீப்திக்கு ஏழு வயது. தினமும் இழுக்க வேண்டிய மருந்தை இளைப்பு வந்தால் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிச்செல்வி அதைத் திருத்தினாள். அப்படியும் ராத்திரியானால் பிள்ளையின் நெஞ்சு விசிலடித்தது.

ஒருநாள் தீப்தியின் தலைமுடியில் சிவப்பு இறகு ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளறையில் சேவல் கூவியது.

"பக்கத்து வீட்டுச் சேவல் சிஸ்டர்," என்றான் அழகுராஜா.

"அது டிவி," என்றாள் தீப்தி, அதே நேரத்தில்.

அவன் மனைவி பஞ்சவர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கதவைத் திறந்து காட்டச் சொல்லலாம். சொன்னால் சேவல் இன்றைக்கு மாடிக்குப் போகும், நாளைக்கே திரும்பி வரும். பாண்டிச்செல்வி ஒன்றும் கேட்காமல் கிளம்பினாள்.

சாயங்காலம், ஷேர் ஆட்டோ ஓட்டும் தன் கணவன் தவசியை அழகுராஜாவுக்குப் போன் போட வைத்தாள். திருமங்கலத்திலிருந்து பேசுவதாகவும் நல்ல சேவல் தேடுவதாகவும் தவசி சொன்னான். ஸ்பீக்கரில் அழகுராஜாவின் குரல் பூரித்தது.

"நம்ம வஸ்தாதப் பத்தி யாருண்ணே சொன்னது? எம் மக கட்டில்லதான் தூங்குவான். அம்புட்டுச் செல்லம்."

"அவன் எனக்குத்தான். நாளைக்கு வாரேன்," என்றான் தவசி, பேச்சு வேகத்தில்.

மறுநாள் இருவரும் போனார்கள். சேவலை அணைத்தபடி சிரித்த முகமாகக் கதவைத் திறந்த அழகுராஜா, தவசிக்குப் பின்னால் நர்ஸைக் கண்டதும் அதை முதுகுப் பக்கம் கொண்டுபோனான். பெரிய சேவல். மறையவில்லை.

"இறகுத் தூசி இந்தப் பிள்ளைக்கு ஆகலண்ணே," என்றாள் பாண்டிச்செல்வி. "விடிய விடிய அதோட படுத்துக் கெடந்தா மருந்து என்ன செய்யும்?"

"பிரிச்சா அழுவாளேன்னுதான் சிஸ்டர்..."

பஞ்சவர்ணம் இதற்காகவே காத்திருந்தவள் போல வந்தாள். "சேவல் வேணும்னு போன்ல பேசுனது இந்த அண்ணந்தான? அவரே கொண்டு போகட்டும்."

பாண்டிச்செல்வி வாயைத் திறப்பதற்குள் வஸ்தாது தவசியின் கைக்கு வந்துவிட்டான்.

தீப்தி அழவில்லை. இடுப்பில் கைவைத்து நர்ஸை முறைத்தாள். "தெனமும் வீடியோ கால்ல காட்டணும். இல்லாட்டி மருந்து இழுக்க மாட்டேன்."

அன்றே மெத்தை உறை வெந்நீரில் துவைபட்டது. அறையை ஈரத்துணியால் துடைத்தார்கள். சாயங்காலம்தோறும் போன் வந்தது.

"வஸ்தாதுக்குத் தண்ணி வச்சீங்களா?"

"வச்சாச்சு. நீ இழுத்துட்டு வாய் கொப்பளி."

அடுத்த சில மாதங்களில் தீப்தி இருமாமல் தூங்கப் பழகிவிட்டாள். தூக்கம் கெட்டது பாண்டிச்செல்விக்குத்தான். இருட்டு விலகுமுன்னே வஸ்தாது கூவினான். யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சேவலைப் பக்கத்தில் உட்கார்த்தி மாட்டுத்தாவணி வரை ஆட்டோவில் போய்வரும் தவசி, அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.